ஏழு ஊர் கேட்ட குடும்பம், கையில் எட்டே இரவு: சுங்கை சிப்புட்டில் போட்ட ஓர் ஐரோப்பியத் திட்டம்

யார், எத்தனை நாள், என்ன கேட்டார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்பிலேயே இருக்கும் என் பெரியப்பா மகன் குடும்பம். அண்ணன் கையுறை ஆலையில் சூப்பர்வைசர், அண்ணி தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பையனுக்கு வயது 11. பெரியம்மாவுக்கு 68, காலமெல்லாம் பால்மரம் வெட்டிய உடம்பு, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன, சுத்த சைவம். அண்ணியின் அப்பாவை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்; 72 வயது, தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர், கத்தோலிக்கர், இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார். ஆக 5 பேர். கையில் இருந்தது ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் ஒரு வாரப் பள்ளி விடுமுறையும் அதன் இரண்டு பக்கச் சனி ஞாயிறும். கேட்டது லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ரோம்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கம் தோட்டத்தை விட்டு வெளியே வந்து வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, இப்போதுதான் சில குடும்பங்கள் ஐரோப்பா பக்கம் போக நினைக்கின்றன. ஈபிஎஃப் சேமநிதிப் பணம், சீட்டுப் பணம், ஓவர்டைம் காசு எல்லாம் சேர்ந்த பணம் அது. அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பேருந்து சன்னல் வழியாக ஏழு நாட்டைப் பார்த்துவிட்டு, எந்த ஊரில் எதைப் பார்த்தோம் என்று படத்தை வைத்துக்கொண்டு யோசிப்பவர்களை எனக்குத் தெரியும். அது நடக்கக் கூடாது. பெரியம்மா மாதிரி ஒருவருக்கு இது ஒரே ஒரு தடவை கிடைக்கிற பயணம்.

இரவுக் கணக்கு

அண்ணன் “பத்து நாள்” என்றுதான் ஆரம்பித்தார். அந்தப் பத்து நாள் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தோம். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு, வேனில் பெட்டி ஏற்றி, கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏ போய்ச் சேரவே நான்கு மணி நேரம். ராத்திரி விமானம், நடுவில் ஓர் இடத்தில் மாற வேண்டும், பாரிஸில் இறங்கும்போது சனிக்கிழமை மதியம் ஆகிவிடும். திரும்புவது ஞாயிறு இரவு விமானம். இங்கே வரும்போது திங்கள் சாயங்காலம், வீட்டுக்கு வர நடுநிசி. ஐரோப்பாவில் படுத்து எழும் இரவுகள் சனி முதல் சனி வரை 8. அவ்வளவுதான். சுதந்திர தினமான ஆகஸ்ட் 31 திங்களில் வந்ததால் அண்ணனுக்கு ஒரு நாள் லீவு மிச்சமானது; கடைசித் திங்களுக்கு அண்ணி சிஆர்கே என்ற ஆசிரியர் சிறப்பு விடுப்பைப் போட வேண்டும், அதைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி வைத்தார்.

அதற்குப் பிறகு மாமா செய்த வேலைதான் இந்தத் திட்டத்தைக் காப்பாற்றியது. நீளமான கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தார், ரூலர் வைத்தார், அந்தக் காலத்துத் தோட்டப் பெயர்ப் பதிவேடான செக்ரோல் மாதிரியே கட்டம் போட்டார். இடப்பக்கம் கிழமை. அடுத்த கட்டத்தில் அன்று எங்கே படுக்கிறோம். மூன்றாவதில் பெட்டியோடு அலையும் மணி. கடைசிக் கட்டத்தில், ஊரைப் பார்க்க மிஞ்சும் மணி. பென்சிலால்தான் எழுதினார், அழிக்க வசதியாக. ஏழு ஊரையும் அந்தக் கட்டத்தில் போட்டுப் பார்த்தோம். கடைசிக் கட்டம் பிரஸ்ஸல்ஸுக்கு 2 மணி நேரம் காட்டியது. வெனிஸுக்கு ஒரு சாயங்காலம், அதுவும் ரயில் தாமதிக்காமல் இருந்தால். அண்ணன் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது டூர் இல்ல மாமா, டெலிவரி வேலை” என்றார்.

ரயில் நேரத்தை மட்டும் பார்க்கிறவர்கள் ஏமாறும் இடம் அந்த மூன்றாவது கட்டம்தான். பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு யூரோஸ்டார் 3 மணி 20 நிமிடம் என்று போட்டிருக்கும். ஆனால் 5 பேர் எழுந்து பசியாறி, பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, ஸ்டேஷனுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் போய் நின்று, அங்கே இறங்கி விடுதியைக் கண்டுபிடித்தால், பல இடங்களில் மதியம் மூன்று மணிக்குத்தான் அறை கொடுப்பார்கள். ஓர் ஊர் மாற்றம் என்றால் குறைந்தது அரை நாள் போய்விட்டது என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஏழு ஊருக்கு ஆறு மாற்றம், மூன்று நாள் அதிலேயே காலி. வயதானவர்கள் இருந்தால் இன்னும் கூட.

ஆளுக்கு ஒன்று

ஊர்ப் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒன்றே ஒன்றைக் கேட்டேன்: எதைப் பார்க்காமல் வந்தால் உங்களுக்கு மனசு ஆறாது? சேர்ந்து உட்கார்ந்து கேட்டால் பெரியவர்கள் “உங்களுக்கு எது சரியோ அது” என்று விட்டுக்கொடுத்துவிடுவார்கள், அதனால்தான் தனியாக.

பையன் யோசிக்கவே இல்லை, ஐஃபல் கோபுரம். மாமாவுக்குப் புனித பேதுரு பேராலயம், முடிந்தால் போப்பாண்டவரை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். அண்ணன் ஆல்ப்ஸ் மலைக்குள் ரயிலில் போக ஆசைப்பட்டார். அண்ணிக்கு வெனிஸ். பெரியம்மா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் மெல்ல, “பனியைக் கையில் எடுத்துப் பார்க்கணும்மா, சினிமாவில்தான் பார்த்திருக்கேன்” என்றார்.

பிரஸ்ஸல்ஸை யாரும் கேட்கவில்லை. ஆம்ஸ்டர்டாமையும் இல்லை. லண்டனையும் யாரும் சொல்லவில்லை என்பது எனக்கே ஆச்சரியம்தான், வீட்டில் எல்லாரும் முதலில் உச்சரித்த பெயர் அதுதான். பட்டியலில் இருப்பதற்கும் மனதில் இருப்பதற்கும் உள்ள தூரம் இவ்வளவு.

லண்டனை விட்டதில் காசும் மிச்சமானது. எல்லைச் சோதனை இல்லாமல் நாடு விட்டு நாடு போகும் ஐரோப்பிய ஷெங்கன் வட்டாரத்தில் பிரிட்டன் இல்லை. மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டாம் என்றாலும் 2025 ஜனவரியிலிருந்து ஈடிஏ என்ற மின் அனுமதி குழந்தைக்கும் சேர்த்து ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அங்கிருந்து பாரிஸுக்கு ரயில் 2 மணி 20 நிமிடம்தான், ஆனால் அதற்கு முன்னால் குடிநுழைவுச் சோதனைக்கு நிற்க வேண்டும். முதலில் பார்த்து வைத்திருந்த டிக்கெட் லண்டன் போய் லண்டனிலிருந்தே திரும்பும் டிக்கெட். பிரிட்டனிலிருந்து புறப்படும் தொலைதூர விமானத்துக்குப் பயணி வரி உண்டு. மலேசியா தூரத்துக்கு எகானமியில் 2026 ஏப்ரலிலிருந்து பெரியவர் ஒருவருக்கு 106 பவுண்டு. 16 வயதுக்கு உட்பட்ட பையனுக்கு இல்லை, மற்ற நான்கு பேருக்கு 424 பவுண்டு. அதோடு ரோமிலிருந்து லண்டனுக்குத் திரும்பி வர ஒரு விமானம், அதற்குப் பெட்டிக் கட்டணம், அரை நாள். வந்த வழியே திரும்பிப் போவதற்காகப் பணம் கட்டுவது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

அதனால் ஒரே டிக்கெட்டில் பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து ஏறுவது என்று முடிவானது. தேடும் தளங்களில் ‘மல்டி சிட்டி’ என்று ஒரு தேர்வு இருக்கும், அதில் போட வேண்டும். இரண்டு ஒருவழி டிக்கெட்டாக வாங்கினால் பெரிய நிறுவனங்களில் விலை எங்கேயோ போய்விடும். மலேசியா ஏர்லைன்ஸ் 2025 மார்ச்சில் பாரிஸுக்கு நேரடி விமானத்தை மறுபடி தொடங்கியது, நடுவில் இறங்கி ஏறும் அலைச்சல் வேண்டாம் என்பவர்களுக்கு அது நல்ல வசதி. ஆனால் ரோமிலிருந்து நேரடி சேவை இல்லை. வளைகுடா வழியாகவோ இஸ்தான்புல் வழியாகவோ போகும் நிறுவனங்களுக்குப் பாரிஸும் ரோமும் இரண்டும் உண்டு. எங்களுக்கு அதுதான் பொருந்தியது. நடுவில் இறங்கி நடப்பது பெரியம்மாவின் முட்டிக்கும் நல்லது, சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிட்டோம்.

வெனிஸ்

இதில்தான் வீட்டில் கொஞ்சம் முகம் வாடியது. வெனிஸைப் போட வேண்டும் என்றால் சுவிட்சர்லாந்தில் நாங்கள் தங்க எடுத்த ஊரான லூசர்னிலிருந்து மிலான் வந்து, மிலானிலிருந்து வெனிஸுக்கு இரண்டரை மணி, மறுநாளோ அதற்கு மறுநாளோ வெனிஸிலிருந்து ரோமுக்கு நான்கு மணி. மிலானிலிருந்து நேரே ரோம் போனால் 3 மணி சொச்சம். ஓர் இரவு தங்கினாலும் ஒன்றரை நாள் ரோமிலிருந்து கழியும். அதைவிடப் பெரிய விஷயம், வெனிஸ் முழுக்கப் பாலங்கள், 400க்கு மேல், பெரும்பாலும் படிக்கட்டோடு. கார் கிடையாது, டாக்சி என்றால் படகுதான். வாப்பரெட்டோ என்ற பொதுப் படகில் ஒரு தடவை போக 9.50 யூரோ. பெரியம்மா அந்தப் படிகளில் ஏறி இறங்க முடியாது. அவரை விடுதியில் உட்கார வைத்துவிட்டு நாம் சுற்றினால் அது என்ன பயணம்.

அண்ணி விடவில்லை. “மெஸ்த்ரேயில் தங்கினா?” என்று கேட்டார், அவரும் படித்துவைத்திருந்தார். நல்ல கேள்விதான். மெஸ்த்ரே நிலப்பக்கம் இருக்கிறது, சமதரை, விடுதி விலை குறைவு, வெனிஸ் நகராட்சிக்குள்ளேயே வருவதால் பகல் பயணிகளிடம் வாங்கும் நுழைவுக் கட்டணமும் கிடையாது. ஆனால் ஊர் மாற்றம் ஒன்று கூடுவது கூடுவதுதான். கடைசியில் அண்ணியே மாமாவின் நோட்டில் ரோம் கட்டத்தைப் பார்த்தார், அப்பாவுக்கு ஞாயிறு காலை போய்விடுமோ என்று யோசித்தார், ரப்பரை எடுத்து வெனிஸை அழித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் திட்டத்தில் உண்மையாக எதையாவது இழந்தவர் அண்ணிதான், அதை எழுதாமல் விடக் கூடாது.

கிழமை பார்த்து அடுக்கியது

மிஞ்சியது மூன்று ஊர்: பாரிஸ் 3 இரவு, லூசர்ன் 2, ரோம் 3. இதில் எது எந்தக் கிழமையில் விழுகிறது என்பதைப் பார்க்காமல் டிக்கெட் எடுத்தால் மூடிய கதவைப் பார்த்துவிட்டு வருவோம். லூவர் அருங்காட்சியகம் செவ்வாய் மூடியிருக்கும். வெர்சாய் அரண்மனையும் ஓர்சே அருங்காட்சியகமும் திங்கள். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் இல்லை. ஆனால் போப் ஜன்னலில் நின்று ஆசி கொடுக்கும் மூவேளை ஜெபம் ஞாயிறு மதியம் 12 மணிக்குத்தான், புனித பேதுரு சதுக்கத்தில், டிக்கெட் வேண்டாம். ஆக ரோம் கடைசியில் வந்தால்தான் ஞாயிறு கிடைக்கும். செவ்வாய் பாரிஸை விட்டுக் கிளம்பும் நாளாக அமைந்தால் லூவர் மூடியது நமக்கு நட்டமில்லை. இரண்டும் தானாகப் பொருந்தின. புதன்கிழமைப் பொதுச் சந்திப்பும் உண்டு, ஆனால் புதன் நாங்கள் மலையில் இருப்போம். போப் அந்த ஞாயிறு வெளிநாட்டில் இல்லையா என்பதை மட்டும் வத்திக்கான் வெளியிடும் அட்டவணையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாரிஸில் தங்குவது கார் து லியோன் ஸ்டேஷன் பக்கம். சுவிட்சர்லாந்து போகும் டிஜிவி லிரியா ரயில் அங்கிருந்துதான் புறப்படுகிறது, செவ்வாய் காலை பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தே போய்விடலாம். இன்னொரு காரணம், பாரிஸ் மெட்ரோவில் பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் கிடையாது, நீள நீளமாகப் படிக்கட்டுகள். 14ஆம் பாதையில் மட்டும் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு, அது கார் து லியோன் வழியாகப் போகிறது. மற்ற இடங்களுக்குப் பேருந்து. தாழ்தளம், சன்னலில் ஊரையும் பார்க்கலாம். விமான நிலையத்திலிருந்து நகருக்குள் டாக்சிக்கு நிலைக் கட்டணம், செய்ன் ஆற்றின் வலக்கரைக்கு 56 யூரோ அளவில், ஐந்தாவது ஆளுக்குக் கொஞ்சம் கூடும். ரயிலில் ஆளுக்கு 13, 14 யூரோ என்று 5 பேருக்குப் போட்டால் அதைத் தாண்டிவிடுகிறது.

சனிக்கிழமைக்கு எதுவும் முன்பதிவு செய்யவில்லை. ஷெங்கன் எல்லையில் இப்போது இஇஎஸ் முறை, முதல் தடவை நுழையும்போது முகப்படமும் விரல் ரேகையும் எடுப்பார்கள், பையன் 12க்குக் கீழ் என்பதால் படம் மட்டும். வரிசை எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. தூக்கமும் இருக்காது, நம் நேரத்துக்கு ஆறு மணி பின்னால் இருக்கும் ஊர். சாயங்காலம் செய்ன் ஓரம் கொஞ்சம் நடந்து, சாப்பிட்டுப் படுத்தால் போதும். அங்கே அந்த மாதத்தில் எட்டு, எட்டரை வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பர் விடுமுறையில் போக நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்: அப்போது பாரிஸில் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும்.

ஞாயிறு லா ஷாப்பல். பாரிஸில் நம் ஆட்களின் வட்டாரம் அது, ஈழத்தமிழர்கள் கடை வைத்து, கோயில் கட்டி வாழும் இடம். 1985இல் உருவான ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயம் அங்கேதான் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியையொட்டி ஒரு ஞாயிறு தேர் வீதிக்கு வரும், தெருவில் தேங்காய் மலைபோல் உடைப்பார்கள். எங்கள் ஞாயிறும் தேர் ஞாயிறும் ஒன்றாக வந்தால் பெரியம்மாவுக்குக் கொண்டாட்டம். கோயில் தேதியை அறிவித்ததும் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒத்துவராவிட்டாலும் அர்ச்சனை செய்துவிட்டுச் சோறு சாப்பிட்டு வரலாம். சைவச் சாப்பாட்டுக் கவலை பாரிஸில் இல்லை என்பதற்கே இந்த ஒரு வட்டாரம் போதும். மதியத்துக்கு மேல் நோத்ர தாம். 2019இல் எரிந்து 2024 டிசம்பரில் மறுபடி திறந்த பேராலயம், உள்ளே போகக் கட்டணமில்லை, மாமாவுக்கு ஞாயிறு பூசையும் ஆயிற்று.

திங்கள் ஐஃபல். 330 மீட்டர். லிஃப்ட் டிக்கெட் இணையத்தில் 60 நாளுக்கு முன்பு திறக்கிறது, உச்சிக்குள்ள டிக்கெட் வேகமாகத் தீரும். உச்சிக்கு அண்ணனும் பையனும், மற்றவர்கள் இரண்டாம் தளம். லூவருக்குள் போவதா என்று பேச்சு வந்தது. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு 32 யூரோ. நாங்கள் ஒரு யூரோவை 5 ரிங்கிட் என்று வைத்துக் கணக்குப் போட்டோம், நான்கு பேருக்கு 640 ரிங்கிட், பையனுக்கு இலவசம். யாருமே ஓவியம் பார்க்க ஆசைப்படவில்லை, மோனா லிசா முன்னால் கூட்டத்தில் நிற்கப் பெரியம்மாவால் முடியாது. வெளியே கண்ணாடிப் பிரமிடு பக்கம் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும் என்று விட்டோம்.

லூசர்ன், இரண்டு பெரியவர்கள், இரண்டு மலைகள்

அண்ணன் முதலில் யுங்ஃப்ராயோக்கைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார், விளம்பரத்தில் அதுதான் வருகிறது. 3,454 மீட்டரில் ரயில் நிலையம். லூசர்னிலிருந்து போக மட்டும் மூன்று மணிக்கு மேல், நாட்டுக்குள் ரயிலிலும் படகிலும் போக உதவும் சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தாலும் மேல்பகுதிக்குத் தள்ளுபடி மட்டுமே, மிச்சத்துக்கு நல்ல காசு. அதற்கும் மேலே, மாமாவின் இதயம். அந்த உயரத்தில் காற்றில் கிடைக்கும் பிராணவாயு கீழே இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒரு மணி நேரத்துக்குள் கீழிருந்து மேலே தூக்கிக்கொண்டு போய்விடும்போது உடம்பு பழக நேரமே இல்லை. ஸ்டென்ட் வைத்தவர்கள் எல்லாரும் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டியது அவரவர் மருத்துவர். மாமாவின் மருத்துவரை ஈப்போவில் போய்ப் பார்த்தோம். கேமரன் மலைக்குப் போய் வந்தீர்களா, அங்கே மூச்சு வாங்கியதா என்று கேட்டார். அந்த மலையில் உள்ள தானா ராத்தாவில் ஒன்றும் ஆகவில்லை, அது 1,400 மீட்டர் சொச்சம். சரி, 2,000க்குக் கீழே இருங்கள், மூவாயிரம் எல்லாம் வேண்டாம் என்றுவிட்டார்.

அப்படிப் பார்த்தால் ரிகி மலை அளவெடுத்த மாதிரி. உச்சி 1,798 மீட்டர். 1871இல் ஐரோப்பாவின் முதல் மலை ரயில் ஓடியது அங்கேதான், விட்ஸ்நாவிலிருந்து பல்சக்கரம் பிடித்து ஏறும் ரயில். லூசர்ன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே படகுத் துறை. ஏரியில் ஒரு மணி நேரம் படகு, இறங்கினால் ரயில், அரை மணியில் மேலே. படி ஏறும் வேலையே கிட்டத்தட்ட இல்லை. சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் படகும் ரிகி ரயிலும் அதற்குள்ளேயே அடக்கம்.

ஆனால் செப்டம்பரில் ரிகியில் பனி இருக்காது. தூரத்தில் வெள்ளைச் சிகரங்களைப் பார்க்கலாம், கையில் எடுக்க முடியாது. பெரியம்மா கேட்டது கையில் எடுப்பதை.

இதற்கு ஒரே வழி புதன்கிழமை குடும்பத்தை இரண்டாகப் பிரிப்பது. பெரியம்மா, அண்ணன், பையன் மூவரும் டிட்லிஸ். லூசர்னிலிருந்து எங்கல்பெர்க்குக்கு ரயிலில் முக்கால் மணி, அங்கிருந்து கேபிள் கார், கடைசிக் கட்டம் சுற்றிக்கொண்டே ஏறும் வட்டக் கூண்டு, மேலே 3,000 மீட்டருக்கு மேல் பனியாறு, கோடையிலும் பனி. பாஸுக்கு அங்கே பாதி விலை. பெரியம்மாவுக்கு இரத்த அழுத்தம்கூட இல்லை, முட்டி மட்டும்தான். அவருடைய மருத்துவரும் சரி என்றார், மெதுவாக நடக்கணும், தண்ணீர் குடிக்கணும், தலை சுற்றினால் உடனே கீழே இறங்கணும் என்று சொல்லி அனுப்பினார். மாமாவும் அண்ணியும் படகில் ரிகி. அப்பாவும் மகளும் தனியாக ஒரு நாள் எங்காவது போய் எத்தனை வருடம் ஆயிற்று என்று அண்ணி சொன்னபோதுதான் வெனிஸ் போன வருத்தம் அவர் முகத்தில் கொஞ்சம் இறங்கியது. குடும்பப் பயணம் என்றால் எல்லாரும் எப்போதும் சேர்ந்தே நிற்க வேண்டும் என்று நினைப்பதில்தான் பாதி சண்டையும் பாதி முட்டிவலியும் வருகிறது, ஒரு பகல் பிரிந்து போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

மேகம் மூடினால் மலை ஏறிப் பயனில்லை. செவ்வாய் காலை பாரிஸை விட்டால் பாசல் 3 மணி, அங்கிருந்து லூசர்ன் ஒரு மணி, மதியத்துக்குள் சேர்ந்துவிடலாம். புதன் மோசம் என்று வானிலையில் தெரிந்தால் செவ்வாய் மதியமே ரிகி போகலாம், இல்லையென்றால் செவ்வாய் ஊருக்குள் மரப்பாலம், ஏரிக்கரை என்று சமதரையில் நடக்கலாம். உச்சிகளில் கேமரா இருக்கிறது, காலையில் கைப்பேசியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டிட்லிஸ் டிக்கெட்டை முன்னாலேயே வாங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பாஸ் 3 நாளுக்கு, செவ்வாய் புதன் வியாழன். செவ்வாய் பாசல் முதல் லூசர்ன், புதன் மலை, வியாழன் லூசர்ன் முதல் இத்தாலி எல்லை கியாஸோ வரை, மூன்று நாளும் வீணாகாமல் பயன்படுகிறது. பாஸ் வாங்கும்போதே குடும்ப அட்டை கேட்டால், பெற்றோருடன் வரும் 16 வயதுக்குட்பட்ட பையனுக்கு ரயிலும் படகும் இலவசம். சுவிட்சர்லாந்தில் யூரோ இல்லை, ஃபிராங்க். அட்டை எல்லா இடத்திலும் ஓடும், ஆனால் விலை எல்லாமே எகிறும். சமையலறை உள்ள இடமாக எடுத்தோம், அரிசியும் தயிரும் கூப், மிக்ரோஸ் கடைகளில் கிடைக்கும். இங்கிருந்து கட்டிக்கொண்டு போவதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. ரெண்டாங் டின்னும் பெரியம்மாவின் நெய் டப்பாவும் வீட்டிலேயே இருக்கட்டும். சம்பல் இக்கான் பிலிஸ் போகலாம், மீனுக்கு அனுமதி உண்டு. பருப்புப் பொடி, ஊறுகாய், புளி தாராளமாக.

வியாழன் நீண்ட நாள். லூசர்னிலிருந்து மிலானுக்கு மூன்றே கால் மணி, நேர் ரயில் இல்லாத நேரத்தில் ஆர்த்-கோல்டாவில் மாற வேண்டும். அண்ணன் கேட்ட மலை ரயில் இங்கேதான்: 2016இல் திறந்த கோட்ஹார்ட் சுரங்கம், 57 கிலோமீட்டர், உலகத்திலேயே நீளமான ரயில் சுரங்கம். மிலானில் இரண்டு ரயிலுக்கும் நடுவில் ஒன்றரை மணி விட்டிருக்கிறோம், இரண்டும் தனித்தனி டிக்கெட், எல்லை தாண்டி வரும் ரயில் தாமதித்தால் இத்தாலி நிறுவனம் பொறுப்பேற்காது. ரோம் டிக்கெட்டை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள கட்டணத்தில் எடுத்தோம், பத்து இருபது யூரோ கூடினாலும் பரவாயில்லை.

ரோமும் காகிதங்களும்

ரோமில் டெர்மினி ஸ்டேஷன் பக்கம், லிஃப்ட் உள்ள விடுதி. வெள்ளி காலை வத்திக்கான் அருங்காட்சியகம், நேரம் போட்ட டிக்கெட்டோடு. சனி கொலோசியம், சாயங்காலம் அண்ணிக்கு மட்டும் கடைத்தெரு, யாரும் கூட வந்து நேரம் கேட்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது. ஞாயிறு பத்து மணிக்குள் சதுக்கத்தில் போய் உட்கார வேண்டும், பாதுகாப்புச் சோதனை வரிசை நீளும். மதியம் விடுதியில் பெட்டியை எடுத்து, டெர்மினியிலிருந்து லியோனார்டோ எக்ஸ்பிரஸில் 32 நிமிடத்தில் விமான நிலையம், ஆளுக்கு 14 யூரோ. டெர்மினியிலும் மெட்ரோவிலும் ஜேப்படி உண்டு. மாமாவின் பணப்பை பின்பாக்கெட்டிலிருந்து கழுத்துப் பைக்கு மாறிவிட்டது.

ஷெங்கன் நாடுகளுக்கு நமக்கு விசா வேண்டாம், 180 நாளில் 90 நாள் வரை. கடப்பிதழ் அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதமாவது செல்ல வேண்டும் என்பது அவர்கள் விதி, ஆறு மாதம் இருந்தால் விமான நிலையக் கவுண்டரில் பேச்சே எழாது. மாமாவுடையது நெருங்கிவிட்டது, ஈப்போவில் யுடிசி என்ற அரசு சேவை மையத்தில் புதுப்பித்தோம், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 100 ரிங்கிட். எடியாஸ் என்ற புதிய முன் அனுமதி 2026 கடைசியில் தொடங்கும், 20 யூரோ என்று அறிவித்திருக்கிறார்கள். எங்கள் பயணத்துக்கு அது வராது, அடுத்த ஆண்டு போகிறவர்கள் பார்க்க வேண்டும்.

இனி மிச்சம் இருக்கும் வேலை கொலோசியம் டிக்கெட் மட்டும். 30 நாளுக்கு முன்புதான் திறக்கும், டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் கடப்பிதழோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நம் பெயர்களில் மகன், மகள் என்பதற்கு வரும் ஏ/எல், ஏ/பியில் உள்ள சாய்கோட்டைப் பல இணையப் படிவங்கள் ஏற்காது. விமான டிக்கெட்டில் கோடில்லாமல் சேர்த்து எழுதியிருந்தால் ரயில், பாஸ், கொலோசியம் எல்லாவற்றிலும் அப்படியே எழுதுங்கள். அண்ணி ஐந்து பேரின் பெயரையும் கைப்பேசியில் ஒரே வடிவத்தில் தட்டி வைத்திருக்கிறார், அதிலிருந்து நகலெடுத்து ஒட்டுவதுதான் வேலை. ஆகஸ்ட் முதல் வாரம் டிக்கெட் திறக்கும் நேரத்துக்கு மாமாவின் வீட்டில் இரண்டு கைப்பேசியோடு உட்காருவதாக ஏற்பாடு.